காஜா பெராங்கில் முளைத்த உப்புத் தோட்டம்

கண்ணாடித் தண்ணீர் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. "தண்ணீர் என்றால் குடித்துக் காட்டு" என்றார் அந்த மலாய்க்காரப் போலீஸ்காரர்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகு வந்த முதல் தை அது. கொடி மாறிவிட்டதே தவிர, காட்டுக்குள் சண்டை ஓயவில்லை. உள்ளே ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ மருந்தோ போய்ச் சேரக் கூடாதென்று வழியில் பஸ்ஸை நிறுத்தி, மூட்டை முடிச்சை எல்லாம் அவிழ்க்கச் சொல்வார்கள். என் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் நீலக் கட்டி, பச்சைக் கட்டி, வெள்ளைக் கட்டி. பக்கத்தில் ஒரு பெரிய டின் நிறையப் பாகு மாதிரி ஒரு திரவம். எந்த ஊர்ப் போலீஸும் இதைப் பார்த்தால் வெடிமருந்து என்றுதான் நினைக்கும்.

எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் விளக்கினேன். "இது குடிக்கிறதில்லை ஐயா. இதற்குள் உப்புக் கட்டியைப் போட்டால் செடி மாதிரி வளரும். நான் கண்காட்சிக்காரன்."

"உப்பு வளருமா?"

"வளரும்."

"உங்கள் ஊரில் சோறு எழுந்து ஆடுமா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாற்றியது. அவர் டின்னுக்குள் விரலை விட்டு, முகர்ந்து பார்த்து, என் துண்டிலேயே துடைத்துக்கொண்டு போகச் சொன்னார். அவசரத்தில் மூடியை நான் சரியாக அழுத்தவில்லை. அடுத்த மேடு பள்ளத்திலேயே டின் சாய்ந்துவிட்டது. இந்தத் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு, காய்ந்தால் கண்ணாடியாகிவிடும். இறங்கும் நேரத்தில் ஒரு சீனத்து அம்மாவின் மரச்செருப்பு பஸ் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. "உன் தண்ணீர் என் செருப்பைத் தின்றுவிட்டது!" என்று அவர் போட்ட சத்தத்தில், மலாக்கா நிலையத்தில் எனக்கு முன்னால் என் பெயர் இறங்கிவிட்டது.

டின்னில் மிச்சமிருந்தது ஒரு கரண்டிகூடத் தேறாது.

நிலையத்தில் மாணிக்கம் சைக்கிளோடு காத்திருந்தார். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜாலான் பெண்டஹாராவில் மளிகையும் நாட்டு மருந்தும் விற்கிற ஒரு கடையில் நிற்பவர். முப்பது வயதிருக்கும். மலாக்காவின் பழைய செட்டிக் குடும்பம். கோவில் நம்முடையது, பெயர் நம்முடையது, வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். தமிழைக் கடையில்தான் கற்றுக்கொண்டார். அதனால் சீரகமும் கசகசாவும் அவர் வாயில் தடையில்லாமல் வரும். மற்றதெல்லாம் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

சிங்கப்பூரில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் நான் உப்புத் தோட்டம் காட்டிக்கொண்டிருந்தபோது அறிமுகமானவர். நாகப்பட்டினத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் தகடு கழுவிக்கொண்டிருந்தபோது நானாகப் பழகிய வித்தை இது. கண்ணாடித் தொட்டியில் மணலைப் பரப்பி, ஓவியன் வண்ணம் வைக்கிற மாதிரி உப்புக் கட்டிகளை இடம் பார்த்து வைத்துத் திரவத்தை ஊற்றினால், தண்டும் கிளையுமாக ஒரு காடு எழுந்து வரும். பார்த்தவர்கள் உயிருள்ளது என்று சத்தியம் செய்வார்கள். நான் வளர்ப்பது எப்போதும் திரைக்குப் பின்னால். வளர்ந்து முடிந்த பிறகுதான் திரையை விலக்குவேன். கடைச் சரக்கு வாங்க வந்து தங்கியிருந்த மாணிக்கம் நாள் தவறாமல் வந்து நின்றார். திரைக்குப் பின்னால் விடவில்லையே என்று கோபிக்கவும் இல்லை. ஒரு நாள் காதருகில் வந்து, "நீலம் மயில்துத்தம், பச்சை அன்னபேதி, வெள்ளை படிகாரம். சரிதானே அண்ணே? நம்ப கடையில நான்தான் நிறுத்துப் போடுறேன் லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய அந்த 'லா'வோடு. அன்றிலிருந்து கூட்டாளி.

இப்போது அவர் கடை மூடப்போகிறது. முதலாளி ஊருக்குத் திரும்புகிறார். மாணிக்கத்தின் மனைவி லெட்சுமிக்கு ஓர் அண்ணன், வேலு என்று பெயர். அவர் ஜொகூரில் ஒரு எஸ்டேட்டில் ஸ்டோர் வேலை பேசி வைத்துவிட்டார். பொங்கல் முடிந்ததும் மாணிக்கம் அங்கே போயாக வேண்டும். தப்புவதற்கு ஒரே வழிதான் இருந்தது. சீனப் புத்தாண்டுக்கு மலாக்காவிலேயே தெங்கேராவில் ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, பொழுதுபோக்குக் கடைகள் போடுகிறார். போகி அன்று சிங்கப்பூர் கிளம்புமுன் மாணிக்கத்தின் வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் மாணிக்கத்துக்கு இங்கேயே ஒரு கடை. பிடிக்காவிட்டால் எஸ்டேட். தொட்டியைச் செய்து கொடுக்கத்தான் நான் வந்தேன், காலி டின்னோடு.

"பரவால்ல அண்ணே" என்றார் மாணிக்கம். முகம் மட்டும் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை ஜாலான் பெண்டஹாராவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். உப்புகள் எல்லாக் கடையிலும் இருந்தன. கண்ணாடித் தண்ணீர் எங்கும் இல்லை. ஒரு கடைக்காரர், "மூக்குக் கண்ணாடியா அங்கிள்? அது டாக்டர்கிட்ட லா போகணும்" என்றார். வெயில் ஏறியது. ஒரு வண்டிக்கடையில் செண்டோல் வாங்கினோம். தேங்காய்ப்பாலில் பச்சைப் புழுக்கள் மிதக்கிற மாதிரி இருக்கும், கருப்பட்டி வாசம். நம் ஊர் ஜிகர்தண்டாவுக்கு அக்காள் முறை. மாணிக்கம் தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

காஜா பெராங்கில் மாணிக்கத்தின் வீட்டுக்குத் திரும்பினால், வேலு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டையான ஆள், வெளுத்த சட்டை, பேச்சில் எலுமிச்சம்பழப் புளிப்பு. மலாயில் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "வந்துவிட்டாரா கண்கட்டு வித்தைக்காரர்? பஸ்ஸில் செருப்பை ஒட்டினவர் இவர்தானே? மாணிக்கம், உன்னை எதோடு ஒட்டப் போகிறார்?"

திரவம் எங்கும் கிடைக்கவில்லை என்று மட்டும் மாணிக்கம் சொன்னார். விஷயத்தைக் கேட்ட லெட்சுமி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். என்ன திரவம், எப்படி இருக்கும், தொட்டால் வழுக்குமா என்று மூன்று கேள்வி கேட்டார். பிறகு உள்ளே போய், இடுப்புயர ஜாடி ஒன்றின் மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

ஜாடிக்குள் வாத்து முட்டைகள். அவற்றை மூடிக்கொண்டு வழவழவென்று என் கண்ணாடித் தண்ணீர்!

தெங்கேராவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்த காலத்தில் கற்றுக்கொண்டதாம். இதில் போட்டு வைத்தால் முட்டை மாதக்கணக்கில் கெடாது. பண்டிகைக்காகச் சேர்த்த முட்டைகள். அலமாரியில் தண்ணீர் கலக்காத திரவம் அரை டின்னும் இருந்தது. நான் அந்த ஜாடியை அணைத்துக்கொள்ளாத குறை.

"எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் லெட்சுமி. "ஆனால் முட்டையை வெளியே எடுத்தால் தாங்காது. எல்லாவற்றையும் இன்றைக்கே காயாவாகக் கிண்டியாக வேண்டும். கிண்டுவது நானில்லை, நீங்கள் இரண்டு பேரும்."

காயா என்பது இங்கத்து இனிப்புக் களி. தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை மூன்றையும் சேர்த்து அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் திரிந்துவிடும். நம் ஊரில் அல்வா கிண்டுகிறவர்களின் தோளை நான் அன்றுதான் மதித்தேன். கொஞ்சம் முட்டைகளை மட்டும் ஒரு பிஸ்கட் ஜாடியில் அந்தத் திரவத்தோடே ஒதுக்கி வைத்தார் லெட்சுமி, சித்திரைப் புத்தாண்டுக்கு என்று.

போகி விடிந்தது. இவர்கள் வழக்கத்தில் அன்று மாலை முன்னோருக்குப் படையல். பார்ச்சு என்கிறார்கள். நம் ஊரில் படைத்துவிட்டுக் காக்கைக்கு வைப்போம். இங்கே கூடத்தில் வரிசையாக இலை போட்டு, அவரவர் உயிரோடு இருந்தபோது விரும்பிச் சாப்பிட்டதை வைத்து, பெயர் சொல்லி அழைத்து, சாம்பிராணி போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுகிறார்கள். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமாம். புகை அடங்கிய பிறகு பெரியவர் ஒருவர் கனைத்துக் குரல் கொடுத்துத்தான் கதவைத் திறப்பார். அதுவரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

தொட்டி இருந்தது அந்தக் கூடத்தில்தான். வீட்டிலேயே ஆடாத மேசை அது ஒன்றுதான். தோட்டம் வளர்ந்த பிறகு தொட்டியை ஒரு விரல் நகர்த்தினாலும் தண்டுகள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வேலு முதலிலேயே ஆட்சேபித்தார். "சாப்பிட வருகிற இடத்தில் இது என்ன? உயிரில்லாமல் வளருகிற ஒன்று! பார்த்துப் பயந்து போனால்?"

"பயப்படுவானேன் அபாங்?" என்றார் லெட்சுமி. அபாங் என்றால் அண்ணன். "வருஷா வருஷம் அதே பிண்டாங் மீன், அதே சோறு. இந்த வருஷமாவது புதிதாக ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகட்டும்."

விடிந்ததும் திரையைக் கட்டினேன். நடுவில் அன்னபேதி, அது மரமாக நிற்கும். பக்கத்தில் மயில்துத்தம் பவளக்கொடி மாதிரி. ஓரங்களில் படிகாரம். சிங்கப்பூரில் வாங்கிய கோபால்ட் உப்பை ஊதாவுக்காக மூன்று இடத்தில் வைத்தேன். மாணிக்கம் மூச்சுவிடாமல் ஊற்றினார். திரவம் எனக்கு வழக்கமானதைவிட நீர்த்தது. தண்டுகள் மெலிந்து, அவசர அவசரமாக எழுந்தன. ஆனாலும் எழுந்தன. பத்து மணிவாக்கில் ஒரு கடலடிக் காடு நின்றது. நான் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் கடல் பச்சையாக இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்திருக்கும். லெட்சுமி கையில் ஒரு கிண்ணம். பலகாரத்துக்காகச் சங்குப்பூவைப் பிழிந்து நீலச்சாறு எடுத்து வைத்திருந்தார். "கடல் என்றீர்கள், நிறமே இல்லையே என்று ஒரு கிண்ணம் விட்டேன். நீலமாகத்தான் விட்டேன்! இது ஏன் பச்சையாயிற்று?"

சங்குப்பூச் சாறு புளிப்பில் பட்டால் சிவக்கும், காரத்தில் பட்டால் பச்சையாகும் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான தொட்டியை நான் பார்த்ததில்லை. மரகதத்துக்குள் நீலக்கொடி! ஆனால் இந்தப் பச்சை நிற்காது என்று உள்ளுக்குள் பட்டது.

"தம்பி, ரப்பர்க் குழாய் போட்டுத் திரவத்தை மெல்ல இறக்கிவிட்டுத் தண்ணீர் மாற்றிவிடுவோம். செடி நிற்கும். நிறம்தான் போகும்" என்றேன்.

"வேணாம் அண்ணே. தவுக்கே மத்தியானம் வந்துடுவார். இந்தப் பச்சையப் பார்க்கட்டும்."

எனக்கும் ஆசைதான். சரி என்றேன்.

மத்தியானம் தவுக்கே வரவில்லை. இரண்டு மணிக்கு வரவில்லை. மூன்று மணிக்குத் தொட்டியின் ஒரு மூலை மஞ்சளாகத் தொடங்கியது. மாற்றிவிடுவோம் என்கிறேன் நான். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்கிறார் அவர். பிறகு அவர் மாற்றலாம் என்கிறார். கார்ச் சத்தம் கேட்கிறது, பொறு என்கிறேன் நான். அது வேறு யாரோ வீட்டுக்குப் போகிற கார். இப்படி இழுத்துக்கொண்டே இருந்தோம். வேலு வாழையிலைக் கட்டோடு உள்ளே வந்துவிட்டார். "போதும். கையைக் கழுவிக்கொண்டு வெளியே நில்லுங்கள். அவர்கள் நேரம்."

இலைகள் விரிந்தன. தேங்காய்ப்பால் சோறு, புளியில் வெந்த பாராங் மீன், மிளகாய் அரைத்த சம்பால், காயா வைத்த நீலப் பலகாரம். ஓர் இலையருகில் சுருட்டு, இன்னொன்றில் ஸ்டவுட் பீர் பாட்டில். வேலு ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைத்தார். அப்போது அவர் குரலில் எலுமிச்சம்பழம் இல்லை. சாம்பிராணிப் புகை எழுந்ததும் எல்லோரும் வெளியே வந்தோம். கதவு சாத்தப்பட்டது.

சாத்திய கையை அவர் எடுக்கவில்லை, அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

தவுக்கே வெள்ளைச் சட்டை, தங்கப்பல், கையில் விசிறி. டயர் வெடித்துவிட்டதாம். "சீக்கிரம் காட்டுங்கள், இருட்டுமுன் கிளம்ப வேண்டும்" என்றார். டிரைவர் என்ஜினை நிறுத்தவே இல்லை.

மாணிக்கம் கதவைப் பார்த்தார். கதவுக்கு முன்னால் வேலு. நான் மாணிக்கத்தைத் தனியே இழுத்து, "நான் உங்கள் வீட்டு ஆளில்லை. எனக்குத் தடையில்லை. பக்கத்து ஜன்னலைத் திறந்து தவுக்கேக்கு ஒரு தடவை காட்டிவிடுகிறேன். ஒரு நிமிஷம்" என்றேன்.

அவர் யோசிக்கத்தான் செய்தார். ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சாப்பிடுறாங்க அண்ணே" என்றார். அவ்வளவுதான். தவுக்கேயிடம் போய் மலாயில் சொன்னார்: "பெரிய தொட்டி உள்ளே இருக்கிறது. இப்போது திறக்க முடியாது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடுகிறார்கள்."

"எந்தப் பெரியவர்கள்?"

"இறந்துபோனவர்கள்."

தவுக்கே சட்டென்று குரலைத் தாழ்த்தினார். விசிறியையும் மடக்கினார். "அப்படியானால் தொந்தரவு செய்யக் கூடாது" என்றார். ஆனால் கண் கார்ப் பக்கம் போனது. "வேறு ஒருநாள் பார்க்கலாம்." வேறு ஒருநாள் என்பது எந்த மொழியிலும் ஒரே அர்த்தம்தான்.

மாணிக்கம் பின்பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு கையில் அந்தப் பிஸ்கட் ஜாடி, மறு கையில் உப்புப் பொட்டலங்கள். ஜாடியை முற்றத்துக் கல்லில் வைத்தார். அடியில் முட்டைகள் கிடந்தபடியே கிடந்தன.

"தம்பி, திரை இல்லாமல் செய்யாதே! விழுந்தால் மானம் போய்விடும்" என்று தமிழில் கெஞ்சினேன். மூன்றில் ஒன்று விழும் வித்தை இது. அதனால்தானே எனக்குத் திரை.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மயில்துத்தக் கட்டியை உள்ளே விட்டார். அது இரண்டு முட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். பிறகு கட்டி கொஞ்சம் உப்பியது. உச்சியில் ஒரு நீல முனை. அது நெளிந்து, தயங்கி, ஒரு முட்டையைத் தடவிக்கொண்டு மேலே ஏறியது. பாதி உயரத்தில் வளைந்து ஒடிந்து விழுந்தது.

"அய்யோ!" என்றார் தவுக்கே. உள்ளே சாப்பிடுகிறவர்களை நினைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

விழுந்த இடத்திலிருந்தே இன்னொரு முனை கிளம்பியது. மாணிக்கம் அன்னபேதியைப் போட்டார். தவுக்கே கல்லருகில் குந்திவிட்டார். ஹாரன் நின்று, டிரைவரும் வந்து குந்தினான். அக்கம்பக்கத்தார், லெட்சுமி, எல்லோருடைய தலையும் ஜாடியைச் சுற்றி. "அது நிற்கும்." "நிற்காது, பார், சாய்கிறது." "பேசாதே, மூச்சுப் படப் போகிறது!" பெரியவர்கள் சாப்பிடுவதால் எல்லாம் கிசுகிசுப்பில். இத்தனை வருஷம் கைதட்டல் கேட்டவன் நான். இந்தக் கிசுகிசுப்பை எந்த ஊரிலும் கேட்டதில்லை.

நீலத்தண்டு மேற்பரப்பைத் தொட்டபோது தவுக்கே எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். மாணிக்கத்தைப் பார்த்து, "புத்தாண்டுக்கு இதைச் செய். தினமும் மாலையில். திரை வேண்டாம். விழுந்தால் விழட்டும், விழுமா விழாதா என்று பார்க்கத்தான் நிற்பார்கள்" என்றார். கார் போய்விட்டது.

எல்லோரும் வேலுவைப் பார்த்தார்கள். அவர் கதவருகிலேயே நின்றிருந்தார். அவர் இருந்த இடத்திலிருந்து ஜாடி தெரிந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது.

"எஸ்டேட்டில் நான் வாக்குக் கொடுத்தவன்" என்றார். "எத்தனை நாள் அந்த மானேஜர் வாசலில் நின்றேன், தெரியுமா? இப்போது போய் என்ன சொல்ல?"

"மாப்பிள்ளை செத்துப்போனான் என்று சொல்லுங்கள் அபாங்" என்றார் லெட்சுமி. "இன்றைக்குத்தான் இலை போட்டோம் என்று சொல்லுங்கள்."

மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது, சிரிப்புத்தான். வேலு சிரிக்கவில்லை. திரும்பி, கனைத்து, குரல் கொடுத்து, கதவைத் திறந்தார்.

தொட்டி நெய் மாதிரி மஞ்சளாகியிருந்தது. நடுமரம் சரிந்து கிடந்தது. என்னைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை. இலைகளைச் சுற்றி உட்கார்ந்தாயிற்று. பசி. மீன் ஆறிப்போயிருந்தும் அமிர்தம். வேலு மீனில் முள் பார்த்துச் சாப்பிட்டார். எஸ்டேட் போவாயா மாட்டாயா என்று ஒரு வார்த்தை வரவில்லை. மாணிக்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பொங்கல் கழிந்து நான் பஸ் ஏறும்போது, வேலுவும் ஏறினார். என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மாணிக்கம் கீழே நின்றார். மச்சானும் மைத்துனனும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. வேலு எஸ்டேட்டுக்குத்தான் போகிறார், தனியாக. போய் என்ன சொல்லப்போகிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

ஊர் தாண்டியதும் மெல்லக் கேட்டார். "அது எப்படி வளர்கிறது?"

சொன்னேன். உப்பைச் சுற்றி மெல்லிய தோல் ஒன்று மூடும். வெளித் தண்ணீர் அதற்குள் புகும். உள்ளே வீங்கும். தோல் கிழியும். கிழிந்த வாயில் உடனே புதுத் தோல் மூடும். மறுபடி கிழியும். அப்படிக் கிழிந்து கிழிந்துதான் உயரும்.

"உயிர் கிடையாது?"

"கிடையாது."

"சாப்பிடாது?"

"சாப்பிடாது."

பிறகு அந்தப் பக்கம் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த மலாய்க்காரரிடம் திரும்பினார். "எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு வேலை தெரியும், கேட்கிறீர்களா?" என்று ஆரம்பித்தார். பாதி தப்பு. முட்டைக்குள்ளிருந்து செடி வருவதாகச் சொன்னார். நான் திருத்தவில்லை. கோழிக்காரர், "சம்பளம் வருமா அதற்கு?" என்று கேட்டார். வேலு, "பார்ப்போம். விழுந்தால் மறுபடி எழுப்புவான்" என்றார்.

எஸ்டேட் வாசலில் பஸ் நின்றது. சொல்லிக்கொள்ளாமல்கூட இறங்கிவிட்டார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தடுப்புக்கட்டை அருகே காவல்காரர் ஏதோ கேட்டார், எதற்கு வந்தீர்கள் என்றுதான் இருக்கும். வேலு பையைத் தரையில் வைத்தார். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குவித்தார். ஒரு விரலை மட்டும், நெளித்து நெளித்து, மேலே உயர்த்தத் தொடங்கினார்.